கோதுமையை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை

"சப்பாத்தி சாப்பிட்டா வயிறு உப்புது, நிறுத்தினா சரியாயிடுது. அப்போ எனக்கு சீலியாக் நோய்தானே?" இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியைப் பத்திதான்.

இருக்கலாம். ஆனா கோதுமையில க்ளூட்டன் மட்டும் இல்ல.

முதல்ல, சீலியாக்னா என்ன? இது அலர்ஜி இல்ல. கோதுமை, பார்லி, ரை தானியங்கள்ல இருக்கிற க்ளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டதும், நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்குது. சத்தை இழுக்கிற குடலுறிஞ்சிகள் தேஞ்சு தட்டையாயிடுது. சிலருக்கு வயிற்றுப்போக்கு, உப்புசம். இன்னும் சிலருக்கு வயிறு அமைதியாவே இருக்கும். ரத்தசோகை மட்டும் மாத்திரைக்கு அடங்காது.

இதே மாதிரி வேஷம் போடுற இன்னொரு ஆள் ஃப்ரக்டான். இதுவும் கோதுமையில இருக்கு. இதைச் செரிக்கிற நொதி மனுஷங்க யாருக்குமே கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்க பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், வாயு சேரும். குடல் கொஞ்சம் கூருணர்வா இருந்தா, அதுவே வலி.

2018-ல வெளியான நார்வே ஆய்வு ஒண்ணு இருக்கு. சீலியாக் இல்லாம, தானாகவே க்ளூட்டனை விட்டிருந்த 59 பேர். க்ளூட்டன், ஃப்ரக்டான், ரெண்டும் இல்லாதது என மூணு வகை மியூஸ்லி பார், எது எதுன்னு சொல்லாம கொடுத்தாங்க. ஃப்ரக்டான் சாப்பிட்டப்போ அதிகமா அவதிப்பட்டவங்க 24 பேர். எதுவும் இல்லாததுக்கு 22. க்ளூட்டனுக்கு 13 பேர்தான்!

ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய இருக்கு. அதனாலதான் சப்பாத்தியை விட்டுட்டு இட்லி, வெங்காய சாம்பாருக்கு மாறின சிலருக்கு உப்புசம் போறதே இல்ல.

ராஜ்மா கதை வேற. சரியா வேகாத ராஜ்மாவுல இருக்கிற லெக்டின், சில மணி நேரத்துலயே வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டு வரும். ஊறவெச்ச தண்ணியைக் கொட்டிட்டு, குக்கர்ல நல்லா வேகவெச்சா போதும்.

இப்போ முக்கியமான விஷயம். சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை, க்ளூட்டனுக்கு எதிரா உடம்பு காட்டுற எதிர்வினையைத் தேடுது. நீங்க மாசக்கணக்கா கோதுமையை விட்டிருந்தா, நோய் இருந்தாலும் 'இல்லை'ன்னு வரலாம். அப்புறம் சரியா தெரிஞ்சுக்க, பல வாரம் மறுபடி கோதுமை சாப்பிட்டு அவதிப்படணும்.

ஏன் உறுதியா தெரியணும்? ஃப்ரக்டான் தொல்லைன்னா அளவைக் குறைச்சா போதும், குடலுக்குச் சேதம் இல்ல. சீலியாக்னா ஆயுசு முழுக்க, துளிகூட கூடாது. கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயத்தைக்கூட பாக்கெட்டைப் படிச்சுத்தான் வாங்கணும். உங்க அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்களும் பரிசோதனை செஞ்சுக்கணும்.

அதனால வரிசை இதுதான்: சாப்பிட்டுக்கிட்டே டாக்டரைப் பாருங்க, டெஸ்ட் எடுங்க. எதை நிறுத்துறதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம்.