காடியும் ஒரு நிமிடமும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. ஹெச்.பி.வி. வைரஸ் தொற்று உடலை விட்டு நீங்காமல் தங்கிவிட்டால், அங்குள்ள திசு மெல்ல மாறிப் புற்றாக முதிரப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். இத்தனை அவகாசம் இருந்தும் ஏழைப் பெண்களில் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள்.

வசதியுள்ள நாடுகளில் இந்நோயைக் குறைத்தது பாப் ஸ்மியர் பரிசோதனை. அதற்கு ஆய்வகம் வேண்டும், நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லத் தேர்ந்த ஆள் வேண்டும். முடிவு வர நாளாகும். அதைக் கேட்டுவர இன்னொரு நாள் கூலி போகும்.

காடி, அதாவது வினிகர், கொண்டு செய்யும் பரிசோதனையில் அந்தக் காத்திருப்பு இல்லை. 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தை, அதாவது சமையல் வினிகரின் வீரியமுள்ள திரவத்தை, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றுவார்கள். ஒரு நிமிடம் கழித்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் மாறிய திசு வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே செய்துவிடலாம்.

இது உயிரைக் காக்குமா என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டம் பதில் சொன்னது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் அங்கே நடந்த ஆய்வில், 2000 முதல் 2003 வரை 31,343 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில், அழைக்கப்படாத ஒப்பீட்டுக் குழுவைவிட, நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்விலும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. அங்கே பரிசோதித்தவர்கள் செவிலியர்கள்கூட அல்லர். பயிற்சி தரப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். ஒப்பீட்டுக் குழுப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது சரியா என்ற சர்ச்சை பின்னர் எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.

திண்டுக்கல்லின் பலனுக்குக் காடி மட்டும் காரணமன்று. வெள்ளைத் திட்டைக் கண்ட செவிலியரே, தகுந்தவர்களுக்கு அங்கேயே கிரையோதெரபியும் செய்தார். வாயுவால் குளிரூட்டிய கருவியை வைத்துத் திசுவை உறையவைத்து அழிக்கும் முறை அது; மயக்க மருந்து தேவையில்லை. "அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சீட்டெழுதிக் கொடுப்பதோடு நிற்கும் முகாம்களில் கைநழுவிப்போகிறவர்கள் அதிகம். திண்டுக்கல்லிலும் முன்நிலை மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான். அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் பரிசோதனைக்கே வரவில்லை. நோவு எதுவும் இல்லாதபோது உள்ளுறுப்பைக் காட்டுவானேன் என்ற கூச்சத்தை இலவசம் என்ற அறிவிப்பு போக்கிவிடாது. பார்ப்பவர் பெண்ணாக இருப்பதும், மறைப்புள்ள அறையும், ஊர்ப்பெண் ஒருவர் கூட வருவதும் அதைத் தணிக்கலாம்.

காடிக்கும் குறைகள் உண்டு. பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து முடிவு மாறும். மாதவிடாய் நின்ற பெண்களில் மாற்றம் தோன்றும் பகுதி உள்வாங்கிவிடுவதால் பார்ப்பதும் கடினம். ஆகவே உலக சுகாதார நிறுவனம் இப்போது ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துத் தரலாம் என்பதால் கூச்சம் பெருமளவு குறைகிறது. ஆனால் ஆய்வகமும் காத்திருப்பும் திரும்பி வந்துவிடுகின்றன.

நோய் முற்றியவர்களின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக் கட்டணத்தை ஏற்கிறது. ஆனால் வெளிக்கதிர் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து வாரம் வந்துபோக வேண்டும். அதற்குமேல் உட்கதிர் சிகிச்சை. அத்தனை நாளும் நகரத்தில் தங்கும் செலவு, உடனிருப்பவர் இழக்கும் கூலி, வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன.