பொன்னாடை போதுமா?

நம் தெற்குச் சீமையில் அம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருந்தே தீரும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பிறந்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மணிகள் கட்டிய பெரிய வில்லை ஒரு குடத்தின் மேல் சாய்த்து வைத்து, நடுவில் உட்கார்ந்திருப்பவர் வீசுகோலால் நாணைத் தட்டியபடியே கதை சொல்வார். பக்கத்தில் உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் கூடச் சேரும். ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடியப் பாட்டுத்தான். பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே நம் அம்மாமார் கேட்ட கதைகள் எத்தனை எத்தனை!

அப்படிப் பாடியவர்கள் வயதான பிறகு எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா?

ஆசிரியராக இருந்தவருக்குப் பென்ஷன் வருகிறது. மில்லில் வேலை பார்த்தவருக்குக் கூடப் பி.எஃப். என்று ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது. வில்லுப்பாட்டுக்காரருக்கும், கணியான் கூத்தில் மகுடம் அடிக்கிறவருக்கும், கரகம் ஆடுகிற பெண்ணுக்கும் என்ன உண்டு? பங்குனி, சித்திரை, ஆடி, ஆவணி என்று கொடை நடக்கிற மாதங்களில் அடுப்பு எரியும். மழைக்காலம் வந்தால் கடன்தான். குரல் தளர்ந்துவிட்டால் அடுத்த வருஷம் அச்சாரம் கொடுக்க ஆள் வராது. யாரும் வேலையை விட்டு நீக்கமாட்டார்கள். கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.

உடம்பையும் சொல்ல வேண்டும். முப்பது நாற்பது வருஷம் ராத்திரி முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவருக்கு முழங்கால் என்ன கதி ஆகும்? தூக்கம் வராமல் இருக்க வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டுப் பல் போய்விடும். வேளை கெட்ட சாப்பாடு, பகலில் அரைத் தூக்கம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மாத்திரையை மாதம் தவறாமல் வாங்க வேண்டுமே!

பூங்கனி அம்மாவைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சிறுமியாக இருந்தபோதே வில்லின் முன்னால் உட்கார்ந்தவர். ஆண்களே பெரிதும் பாடிவந்த கலையில் ஒரு பெண் நடுவில் உட்கார்ந்து வீசுகோலைச் சுழற்றுவது என்றால் சும்மாவா? ஊர் ஊராக அவர் பெயரைச் சொல்லிக் கூட்டம் கூடியதாம். கடைசிக் காலத்தில் அவர் அரசாங்கம் தருகிற முதியோர் பென்ஷனை நம்பித் தனியாக இருந்தார். 2018 நவம்பரில் காலமானார். அவரைப் பற்றி இரங்கல் எழுதியவர்கள் பலர். அவர் பாட்டை நிறுத்தியதற்கும் காலமானதற்கும் நடுவே போன வருஷங்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

சினிமா கொஞ்சம் கைகொடுத்தவர்களும் உண்டு. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் பாட்டியாக வந்து எல்லாரையும் சிரிக்க வைத்தார். 1993-ல் கலைமாமணி பட்டம் கிடைத்தது. 2025-ல் நம்மை விட்டுப் போனார். மதுரைப் பக்கத்துப் பரவை முனியம்மா 2003-ல் 'தூள்' படத்தில் பாடிய பிறகுதான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். அதற்கு முன்னால் அவர் பாடிய நாட்டுப்புறப் பாட்டுக்கள் கொஞ்சமா? 2015-ல் அவர் நோயில் விழுந்தபோது அன்றைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டி மாதாமாதம் அவர் கைக்குக் கிடைக்கும்படி செய்தார். 2020 மார்ச்சில் முனியம்மா மறைந்தார்.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? மொத்தமாகப் பணத்தைக் கையில் திணிக்காமல் மாதாமாதம் வருகிற மாதிரி செய்தார்களே, அதுதான். வீட்டுச் செலவு பார்க்கிற பெண்களுக்கு அதன் அருமை தெரியும். மொத்தப் பணம் வந்தால் பழைய கடன்காரன் வருவான், கேட்கிற சொந்தக்காரன் வருவான். மாதம் வருகிற பணம்தான் மாத்திரைக்கும் பாலுக்கும் நிற்கும். ஆனால் சினிமாவில் வராத ஆயிரம் முனியம்மாக்களுக்கு யார் வைப்புத்தொகை போடுவது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு தம்பதி தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அங்கே தென் மாநிலங்களில் 'ப்ளூஸ்' என்று ஒரு பாட்டு வகை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களும் அவர்கள் பிள்ளைகளும் பருத்திக் காட்டில் வேலை செய்யும்போது பாடிய பாட்டுக்களிலிருந்து வளர்ந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கக் கேட்கிற ராக் இசைக்கே அதுதான் தாய் என்கிறார்கள். பிள்ளை கோடீஸ்வரன், தாய்க்கு மருந்து வாங்கக் காசில்லை! கிட்டார் கேப்ரியல் என்ற கிழவர் அப்படித்தான் வட கரோலினாவில் வறுமையில் இருந்தார். டிம் டஃபி என்ற இளைஞர் அவரைத் தேடிப் போய், கூட உட்கார்ந்து வாசித்து, வைத்தியரிடமும் கடைக்கும் காரில் அழைத்துப்போய்ப் பழகினார். சாப்பாடா மருந்தா என்று தினம் கணக்குப் பார்க்கிற இன்னும் பல வயோதிகக் கலைஞர்களையும் கண்டார். அவரும் மனைவி டெனீஸும் 1994-ல் 'மியூசிக் மேக்கர்' என்ற அறக்கட்டளையை ஆரம்பித்தார்கள். நன்கொடை வாங்கி மருந்துச் செலவு, வாடகை என்று உதவுகிறார்கள். அதோடு நிற்காமல் அந்த முதியவர்களுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்கிறார்கள், இசைத்தட்டு வெளியிடுகிறார்கள். எழுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக வெளிநாட்டு மேடை ஏறியவர்கள் கூட உண்டாம்.

நாம் பார்க்க வேண்டியது இதைத்தான். மருந்து ஒரு கையில், மேடை ஒரு கையில். மருந்து மட்டும் கொடுத்தால் அவர் நோயாளி. மேடையும் கொடுத்தால் அவர் பாட்டுக்காரர்!

நம் ஊரில் இந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2007 பொங்கலுக்குச் சென்னை சங்கமம் ஆரம்பித்தபோது, கிராமத்துக் கலைஞர்கள் பட்டணத்துப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் சன்மானத்தோடு ஆடினார்கள். இடையில் நின்றுபோன அது 2023-ல் அரசு விழாவாகத் திரும்பி வந்தது. திருநெல்வேலி போன்ற மற்ற ஊர்களுக்கும் போனது. எங்கள் தூத்துக்குடியிலேயே 2022 ஜூலையில் 'நெய்தல்' கலை விழா நடந்தது. 2020-ல் கொரோனா வந்து கொடைகளும் திருவிழாக்களும் ஒரேயடியாக நின்றபோது, பாடகர் டி.எம். கிருஷ்ணா தம் சுமனஸா அறக்கட்டளை மூலம் நிதி திரட்டி, தெருக்கூத்து முதலான கலைஞர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்தார். ஒரு கலைஞர் பாடி இன்னொரு கலைஞரின் அடுப்பு எரிந்தது.

பெரிய விழாவில் ஒரு குறை எனக்குப் படுகிறது. கொடுக்கிற நேரம் இருபது நிமிஷம், அரை மணி. பறையும் கரகமும் அதற்குள் ஜனங்களை எழுப்பிவிடும். கதை சொல்லிப் பாடுகிற வயதானவருக்கு அரை மணி என்பது தொண்டையைச் செருமிக்கொள்ளவே சரியாகப் போய்விடும். குழுவை அனுப்புகிறவர்களும் துள்ளி ஆடுகிற இளசுகளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதியவர் வீட்டில்தான் இருக்கிறார்.

எங்கள் புன்னைக்காயல் கடலோர ஊர். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். கரைவலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் பாடுகிற 'அம்பா' பாட்டு எங்கள் கரையின் சொத்து. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கூட்டமாகத் திருப்பிச் சொல்ல, அந்தத் தாளத்துக்குக் கைகள் இழுக்கும். பருத்திக் காட்டுப் பாட்டும் இப்படித்தான் பிறந்தது என்று கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் நடக்கவில்லை. வள்ளத்தில் மோட்டார் வந்துவிட்டது. மோட்டாருக்கு அம்பா எதற்கு? அண்ட்ரிக் அடிகளார் 1586-லேயே தமிழில் 'அடியார் வரலாறு' அச்சிட்ட ஊர் இது. அச்சில் ஏறியது இன்றும் இருக்கிறது. வாயில் இருந்தது வாயோடு போகிறது. அம்பா தெரிந்த பெரியவர்கள் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. "நாங்க என்ன கலைஞரா? வலை இழுத்தோம், பாடுனோம்" என்கிறார்கள். ஆகவே எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

சரி, வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்ய முடியும்? பணக்காரர் செய்கிற காரியம் என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

எங்கள் மகளிர் குழுவில் பத்துப் பதினைந்து பேர். பக்கத்து ஊரில் வயதான வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். வழக்கம் போல ஒரு பொன்னாடையும் பழமும் வாங்கிப் போயிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எம்மா, இந்தத் துண்டு வீட்டுல பதினேழு கெடக்கு. போர்த்துனா வேர்க்கு. எனக்குப் பல்லுதான் வேணும். பல்லு இல்லாமப் பாடுனா 'ச'னாவும் 'த'னாவும் காத்தாப் போகுது. சனம் சிரிக்கு."

"பல்லு கட்டினா பாடுவீங்களா, பாட்டையா?" என்று கேட்டேன்.

"மூணு மணி நேரம் பாடுவேன். விடிய விடியன்னா முடியாது" என்றார்.

எங்கள் குழுப் பணத்தில் கொஞ்சம், தெருவில் வசூலித்தது கொஞ்சம் என்று பல்செட் கட்டினோம். அளவு எடுக்க, சரிபார்க்க என்று நான்கைந்து தடவை போக வேண்டியிருந்தது. ஈறு புண்ணாகாமல் பழக ஒரு மாதம் ஆனது. பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், சூடான பதார்த்தம் கூடாது என்று அவர் மருமகளிடம் சொல்லி வைத்தோம். அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் கச்சேரி வைத்தோம். சம்மணம் போட முடியாது என்றதால் உயரமான பலகை போட்டு அதில் உட்கார வைத்து, வில்லையும் அதற்குத் தக்க உயர்த்திக் கட்டினோம். டிக்கெட் கிடையாது, வாசலில் ஒரு பெட்டி. கூட்டம் பெரிசில்லை. ஆனால் குழந்தைகள் எழுந்து ஓடவில்லை! பேசிய சம்பளத்தைப் பாட்டுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டோம், உடுக்கைக்காரருக்கும் குடக்காரருக்கும் தனித்தனியாக. பெட்டியில் விழுந்தது தனி. "பார்த்துச் செய்கிறோம்" என்று இழுத்தடிப்பதுதான் இந்தக் கலைஞர்களுக்கு நாம் காலம் காலமாகச் செய்கிற துரோகம்.

அடுத்தது காகித வேலை. படித்த பெண்கள் இதைச் செய்தால் பெரிய புண்ணியம். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் 58 வயது முடிந்த, நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. மத்திய கலாசார அமைச்சகம் 60 வயது தாண்டிய கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை உதவுகிறது. இரண்டுக்கும் வருமான வரம்பு உண்டு. இது போக, 2007-ல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் 60 வயதுக்குள் பதிந்துகொண்டால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், மூக்குக் கண்ணாடி என்று உதவிகள் கிடைக்கும். அறுபது ஆகிவிட்டால் பதிய முடியாது. ஆகவே இப்போது ஆடிக்கொண்டிருக்கிற ஐம்பது வயதுக்காரர்களை இன்றே பதியச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் திருநெல்வேலியில் இருக்கிற மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். கண்புரை என்றால் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவச முகாம்கள் இருக்கின்றன. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

விண்ணப்பத்தில் 'கலை அனுபவத்துக்குச் சான்று' என்று கேட்கும்போதுதான் பாதிப் பேர் திகைத்து நிற்கிறார்கள். நாற்பது வருஷம் பாடியதற்குச் சான்று எங்கே போவது? பழைய கொடை நோட்டீஸ்களில் அவர் பெயர் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் அவற்றை டிரங்குப் பெட்டியின் அடியிலோ அலமாரித் தட்டிலோ விரித்திருப்பார்கள். மேலே இருக்கிற புடவைகளை எடுத்து வைத்துவிட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டையாவுக்கு அப்படி ஒன்பது நோட்டீஸ் கிடைத்தது. நகல் எடுத்து, வருமானச் சான்றும் வயதுச் சான்றும் இணைத்து அனுப்பியிருக்கிறோம்.