தோல் அழற்சியும் உலோகம் சேர்ந்த மருந்துகளும்



களுதாவளை முதலிய எழுவான்கரை ஊர்களில் தோட்டஞ் செய்வோரும், படுவான்கரையில் நெற்செய்கை பண்ணுவோரும், கைகளிற் சொறி, சிவப்பு, நீர்க்கொப்புளம் ஆகியவை தோன்றினால் சேற்றுப்புண் என்றெண்ணி விட்டுவிடுதல் உண்டு. அவற்றுட் சில, உலோகங்களாலும் உலோகம் சேர்ந்த மருந்துகளாலும் உண்டாவன. காரணத்தை அறிந்து விலக்கினாலன்றி அவை மாறா.

இவ்வழற்சி இருவகைப்படும். முதலாவது எரிவு. நாகசல்பேற்றை வெறுங்கையால் அள்ளி வயலுக்கு வீசும்போது, நீரில் ஊறி வெடித்த தோல் உடனே எரியும். நன்கு கழுவி, தோலை ஆறவிட்டால் இது தணியும். இரண்டாவது ஒவ்வாமை. இது பெரும்பாலும் பொருள் பட்டு ஒன்று முதல் மூன்று நாட்களின் பின்னரே வெளிப்படும். ஆதலால் காரணம் எளிதிற் புலப்படுவதில்லை. ஒரு பொருளுக்கு உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிடின், அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நிலைக்கும். பின்னர் சிறிதளவு பட்டாலும் அழற்சி திரும்பும்.

உலோகங்களுள் நிக்கல் இதற்குப் பெயர்பெற்றது. இடுப்புப் பட்டியின் பூட்டு, மலிவான கைக்கடிகாரம் ஆகியவற்றிலுள்ள நிக்கலை வியர்வை கரைக்கும். கரைந்த நிக்கல் தோலின் புரதங்களோடு பிணைந்து ஒவ்வாமையை எழுப்பும்.

வெங்காயம், மிளகாய், தக்காளி ஆகியவற்றின் பூசண நோய்களுக்குத் தெளிக்கும் மங்கோசெப் என்னும் மருந்தில் மங்கனீசு ஏறத்தாழ 20 வீதமும், நாகம் ஏறத்தாழ 2.5 வீதமும் உண்டு. நண்டு தன் கொடுக்குகளாற் பற்றுவதுபோல இவ்வுலோகங்களைப் பற்றி நிற்பது டைதயோகாபமேற்று என்னும் பகுதி. இவ்வாறு உலோகத்தைப் பற்றும் பொருள்களைக் கொடுக்கிணைப்புப் பொருள்கள் என்பர். இம்மருந்தால் வரும் ஒவ்வாமைக்குப் பெரிதும் காரணமாவது உலோகமன்று, அக்கொடுக்கே. இதற்கு உறவான பொருள்கள் இறப்பர்க் கையுறை செய்யும்போதும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே இறப்பர்க் கையுறை அணிந்தபின் சொறி கூடுமாயின், பீ.வீ.சீ. கையுறைக்கு மாறுதல் வேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. மருந்துத் தூளை வெறுங்கையாற் கரையாதீர்கள், கோலினாற் கலக்குங்கள்.

2. தெளிக்கும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காதீர்கள்.

3. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளியுங்கள். அணிந்த உடையை வீட்டாரின் உடைகளோடு சேர்க்காது வேறாகத் துவையுங்கள்.

4. தெளிகருவியை வாவியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். இம்மருந்து மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும்.

5. சொறி மாறாவிடின், மருந்துப் பொதியின் உறையையும் எடுத்துக்கொண்டு அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஒவ்வாத பொருள் எதுவென்பதைத் தோல் நோய் வைத்தியர் ஒட்டுப் பரிசோதனையால் அறிய முயல்வார்.

காரணம் இன்னதெனத் தெரிந்தால் அம்மருந்தை நீக்கி வேறொன்றைக் கொள்ளலாம். தக்க மாற்றை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள். தெரியாது காலங்கழித்தால், ஈற்றில் தொழிலையே கைவிட நேரினும் நேரும்.