மருந்து ஸ்டோர் எங்கே இருந்தது?

சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள குடியிருப்புத் தாமான்களில் பல, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். சில இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடு வந்தது. அடியில் கிடப்பது மட்டும் அதே மண். தோட்டக் காலத்து மருந்தும் அதில் மிச்சம் இருக்கலாம்.

லாலாங் புல்லை ஒழிக்க மலாயாத் தோட்டங்களில் சோடியம் ஆர்செனைட் கரைசலை அடித்தார்கள். புல்லுக்கு மட்டுமல்ல, அடித்தவர் உடம்புக்கும் மேய்ந்த மாட்டுக்கும் அது நஞ்சு. 1960களில் அந்த இடத்தைப் பாராகுவாட் பிடித்துக்கொண்டது. (அதுவும் கொடிய நஞ்சுதான், மலேசியாவில் அதை முழுதாக நிறுத்த 2020 ஆயிற்று.) பாராகுவாட் ஒரு சேர்மம், மெல்லவாவது சிதையும். ஆர்செனிக் ஒரு தனிமம். வெயிலும் நுண்ணுயிரும் எத்தனை ஆண்டு முயன்றாலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு அதை இறுகப் பற்றிக்கொள்வதால் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

ஆனால் எங்கும் ஒரே அளவில் தங்காது. காட்டில் அடித்தது பரவி நீர்த்திருக்கும். மருந்து கலக்கிய இடம், டின் கழுவிய கால்வாய், ஸ்டோருக்குப் பின்னால் மிச்சத்தைக் கொட்டிய பள்ளம், இங்கெல்லாம்தான் செறிந்து கிடக்கும். எல்லாம் இடிந்து புதர் மண்டிய நிலத்தில் எந்த மூலையைத் தோண்டுவது? ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் காசு. அதனால்தான் எந்த நாட்டிலும் மண் மாசை ஆராய்பவர்கள் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் நிலத்தின் பழைய கதையைத் தேடுகிறார்கள். தோட்ட வரைபடத்தில் ஸ்டோர் இருக்கும், பள்ளம் இருக்காது. அது மருந்தடித்த பாட்டிக்கும் வேலை வாங்கிய மண்டோருக்கும்தான் தெரியும். லயத்தில் வளர்ந்த அந்தத் தலைமுறையை உட்காரவைத்துக் கேட்டு ஒரு படம் வரைந்து வைப்பது, விலையுயர்ந்த கருவிகளைவிடப் பயனுள்ள வேலை என்பேன்.

ஊர்க்காரர்களின் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு ஈப்போ அருகே புக்கிட் மேரா சாட்சி. ஈய லம்பக் கழிவிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்த ஏஷியன் ரேர் எர்த் ஆலை அங்கே 1982இல் ஓடத் தொடங்கியது. மிச்சமானது கதிர்வீசும் தோரியம் கலந்த கழிவு. 1985இல் ஊர்க்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. பங்குதாரரான மிட்சுபிஷி கெமிக்கலின் செலவில் நடந்த துப்புரவுக்கு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் ஆயிற்று. அடிப்பாறை வரை மண்ணைத் தோண்டி லாரி லாரியாக ஏற்றிப்போய் மலைக்காட்டில் புதைத்தார்கள்.

ஆர்செனிக் லேசாகக் கலந்த நிலத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. பழைய சுவர் வெடிப்பில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி, ஆர்செனிக்கை வேரால் இழுத்து இலையில் சேர்த்துக்கொள்கிறது என்று 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டறிந்தார்கள். சோதனையில் உலர்ந்த இலையின் எடையில் இரண்டு சதவீதத்துக்கும் மேல் ஆர்செனிக்! மண்ணில் உள்ள ஆர்செனேட், செடிக்குத் தேவையான பாஸ்பேட்டைப் போலவே அமைந்தது. பாஸ்பேட் நுழையும் வாசல் வழியாகவே அதுவும் உள்ளே போகிறது. வேறு செடி செத்துப்போகும். இந்தப் பெரணி அதை இலைச் செல்களின் நுண்குமிழிக்குள் அடைத்துவிட்டுச் செழிப்பாக நிற்கிறது.

நட்டு, வளர்த்து, இலையை அறுத்து, மறுபடி வளரவிட வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை அங்கே கீரைப்பாத்தி போடக் கூடாது. ஆழத்தில் உள்ளதை வேர் எட்டாது. தோரியத்துக்கு இந்த வைத்தியம் உதவாது. அறுத்த இலையை நச்சுக்கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். சருகோடு சேர்த்துக் கொளுத்தினால், இத்தனை ஆண்டு இழுத்துச் சேர்த்த ஆர்செனிக் புகையோடு கிளம்பிப் பக்கத்துத் தாமானுக்குப் போய்விடும்.