மடிக்கணினியின் கிராஃபிக்ஸ்: வாட் கணக்கும் விலைக் கணக்கும்

ஆர்டிஎக்ஸ் 5090 என்ற ஒரே பெயரில் 2025-இல் என்விடியா இரண்டு பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணினிக்கான கிராஃபிக்ஸ் கார்டில் 21,760 கோர்கள்; மடிக்கணினிக்கான சிப்பில் 10,496. பின்னது முன்னதில் 48.2 சதவீதம். நினைவகம் அங்கே 32 ஜிபி, இங்கே 24 ஜிபி, 75 சதவீதம். நினைவகத்தின் வேகம் அங்கே நொடிக்கு 1,792 ஜிபி, இங்கே 896 ஜிபி, சரிபாதி. மின்சாரம் அங்கே 575 வாட், இங்கே அதிகபட்சம் 175 வாட், 30.4 சதவீதம். மடிக்கணினியின் கிராஃபிக்ஸை எவ்வளவு உயர்த்த முடியும் என்ற கேள்விக்கு விடை தேடுபவர் இந்த நான்கில் கடைசி விகிதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இடைவெளி முன்பு இவ்வளவு இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் மடிக்கணினிக்கு முதலில் வந்த உச்சப் பெயரை எடுத்துக்கொள்வோம். 2016-இன் ஜிடிஎக்ஸ் 1080-க்கு இரு வடிவிலும் 2,560 கோர்கள். விகிதம் 100 சதவீதம். 2019-இல் மடிக்கணினிக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 2080-க்கு இரு வடிவிலும் 2,944, மீண்டும் 100. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 3080: மேசையில் 8,704, மடிக்கணினியில் 6,144, 70.6. 2023-இல் ஆர்டிஎக்ஸ் 4090: 16,384-க்கு 9,728, 59.4. 2025-இல் 48.2. ஒன்பது ஆண்டுகளில் குறைந்தது 51.8 சதவீதப் புள்ளிகள். வெவ்வேறு தலைமுறைக் கோர்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஒரே தலைமுறைக்குள் கணக்கிட்ட விகிதங்களை ஆண்டுவாரியாக ஒப்பிடலாம்.

மின்சாரமும் வெப்பமும்

விகிதம் சரிந்ததற்குக் காரணம் மடிக்கணினி பின்தங்கியதல்ல. மேசைக் கார்டின் மின்தேவை ஏறியது. இதே ஐந்து பெயர்களுக்கு மேசைக் கார்டின் மின்வரம்பு 180, 215, 320, 450, 575 வாட். முதலுக்கும் கடைசிக்கும் 3.19 மடங்கு. மடிக்கணினியில் 2016-இல் சுமார் 150 வாட். 2025-இல் 25 வாட் கூடுதல் ஊட்டத்தையும் சேர்த்து 175 வாட். உயர்வு ஏறத்தாழ 17 சதவீதம். சிப்புக்குள் போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஆகவே 175 வாட் என்பது மின்செலவின் எல்லை மட்டுமல்ல, மெல்லிய பெட்டியிலிருந்து விசிறியால் வெளியேற்றக்கூடிய சூட்டின் எல்லையும் ஆகும்.

2023-இன் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை இந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுகிறது. 4060-க்கு மேசையிலும் மடிக்கணினியிலும் 3,072 கோர்கள், 100 சதவீதம். 4070-க்கு 5,888-க்கு 4,608, 78.3. 4080-க்கு 9,728-க்கு 7,424, 76.3. 4090-க்கு 59.4. இவற்றின் மேசைக் கார்டுகள் எடுப்பது முறையே 115, 200, 320, 450 வாட். 115 வாட் வரை இரு உலகுக்கும் ஒரே சிப் போதுமானதாக இருந்தது. 200 வாட்டைத் தொட்டதும் பெயர் மட்டுமே பொதுவாக மிஞ்சியது.

கன அளவும் இதையே சொல்கிறது. என்விடியாவே தயாரித்த மேசை ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் நீளம் 304 மி.மீ., அகலம் 137 மி.மீ., தடிமன் 61 மி.மீ.; கன அளவு 2.54 லிட்டர். மெல்லிய விளையாட்டு மடிக்கணினிகளுக்கு வழிவகுத்த 2017-இன் அசுஸ் செஃபிரஸ் ஜிஎக்ஸ்501-இன் அளவு 379 × 262 × 17.9 மி.மீ.; கன அளவு 1.78 லிட்டர். திரை, விசைப்பலகை, பேட்டரி எல்லாம் சேர்ந்த முழுக் கணினி, அந்த ஒற்றைக் கார்டின் 70 சதவீத இடத்தில் அடங்குகிறது. கார்டின் கன அளவில் பெரும்பகுதியை நிரப்புவது சிப் அல்ல, சிப்பைக் குளிர்விக்கும் உலோகமும் விசிறிகளும்.

பேட்டரிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. விமானத்தில் முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரி 100 வாட்-மணி வரை மட்டுமே. அதனால் பெரிய மடிக்கணினிகள் 99.9 வாட்-மணியில் நின்றுவிடுகின்றன. 175 வாட் எடுக்கும் சிப் ஒன்றே அதை 34 நிமிடத்தில் தீர்த்துவிடும். 45 வாட் செயலியையும் சேர்த்தால் 27 நிமிடம். 575 வாட் மேசைக் கார்டை அதே பேட்டரியில் ஓட்ட முடிந்தால் 10 நிமிடம் 25 நொடி. உச்சரக மடிக்கணினிகளோடு பரவலாக வரும் 330 வாட் அடாப்டர் அந்தக் கார்டின் தேவையில் 57.4 சதவீதத்தையே தரும்.

கழற்றி மாட்டும் பலகைகள்

மடிக்கணினியின் கிராஃபிக்ஸை மாற்றும் வசதிக்காக எம்எக்ஸ்எம் என்ற பொது வடிவத்தை என்விடியா 2004-இல் அறிமுகப்படுத்தியது. அதன் 3.0 பதிப்பில் இரண்டு அளவுகள்: 82 × 70 மி.மீ., 82 × 105 மி.மீ. பரப்பில் பெரியது சிறியதைப் போல 1.5 மடங்கு. பலகை பொருந்தினால் மட்டும் போதாது. வெப்பக்கடத்தியின் திருகுத் துளைகள், பயோஸின் ஒப்புதல், அடாப்டரின் வாட் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். மெல்லிய கணினிகள் பெருகப் பெருக, சிப்பையும் அதன் நினைவகத்தையும் மதர்போர்டிலேயே சாலிடர் செய்துவிடுவது வழக்கமாயிற்று. இன்று கடையில் விற்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில் கழற்றக்கூடிய கிராஃபிக்ஸ் பலகைகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

தனி வடிவங்களின் ஆயுளும் குறுகியது. 2019-இல் டெல் கொண்டுவந்த ஏலியன்வேர் ஏரியா-51எம்-இல் அந்நிறுவனத்தின் சொந்த வடிவத்திலான மாற்றக்கூடிய பலகை இருந்தது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்குள் மாற்ற முடிந்தது. 2020-இல் தொடங்கிய 30 வரிசைக்கு அந்த மாதிரியில் வழியில்லை. இதை எதிர்த்து 2021-இல் கலிஃபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. அந்த மாதிரியின் மேம்படுத்தும் வசதி உண்மையில் ஒரு தலைமுறைக்குள் முடிந்தது.

அடுத்த தலைமுறைக்குப் பலகை தந்த அரிய உதாரணம் ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16. 2024-இல் இதற்கு ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் பலகை வந்தது: 8 ஜிபி, 100 வாட், கணினியோடு வாங்கினால் கூடுதலாக 400 டாலர். 2025-இல் அதே பெட்டிக்கு ஆர்டிஎக்ஸ் 5070 பலகை அறிவிக்கப்பட்டது: 8 ஜிபி, 100 வாட், 699 டாலர். சிப் புதிது, நினைவகத்தின் உயர்வு 0 சதவீதம், மின்வரம்பின் உயர்வு 0 சதவீதம். பலகை மாறினாலும் பெட்டியின் வெப்ப வரம்பு மாறவில்லை.

அந்த 699 டாலரை மேசைச் சந்தையோடு ஒப்பிடலாம். மேசை ஆர்டிஎக்ஸ் 5070-இன் அறிமுக விலை 549 டாலர். 6,144 கோர்கள், 12 ஜிபி, 250 வாட். மடிக்கணினிப் பலகையில் 4,608 கோர்கள். விலை 27.3 சதவீதம் அதிகம். கோர்கள் 75 சதவீதம், நினைவகம் 66.7 சதவீதம், மின்சாரம் 40 சதவீதம். ஒரு கோருக்கு மேசையில் 8.9 சென்ட், பலகையில் 15.2 சென்ட். மறுபக்கமும் உண்டு: தொடக்கத்தில் இக்கணினியின் அடிப்படை விலை, ராமும் சேமிப்பகமும் இல்லாமல், 1,399 டாலர், பலகையோடு 1,799. 699 டாலர் அதில் 38.9 சதவீதமே. புதுக் கணினி வாங்குவதோடு ஒப்பிட்டால் இது சிக்கனம். மேசைக் கார்டோடு ஒப்பிட்டால் அல்ல. எடுத்துச் செல்லும் வசதிக்குத் தரும் விலை அந்த வேறுபாடு.

வெளிப்பெட்டி

உள்ளே மாற்ற முடியாதவர்களுக்குச் சொல்லப்படும் வழி, தண்டர்போல்ட் கம்பியில் இணைக்கும் வெளிப்பெட்டி. தண்டர்போல்ட் 3-இன் மொத்த வேகம் நொடிக்கு 40 ஜிகாபிட். அதில் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைக்கும் பாதை அதிகபட்சம் 32 ஜிகாபிட், அதாவது சுமார் 3.9 ஜிபி. மேசையில் 16 தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 துளையின் வேகம் 31.5 ஜிபி. விகிதம் 12.5 சதவீதம். 2023-இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5-இல் இப்பாதை 64 ஜிகாபிட், சுமார் 7.9 ஜிபி, 25 சதவீதம். பாதை எட்டில் ஒன்றாகக் குறைந்தால் விளையாட்டின் வேகமும் எட்டில் ஒன்றாகிவிடாது. கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும் வேலைக்கு இழப்பு குறைவு. நினைவகம் போதாமல் அடிக்கடி தரவு இழுக்கும் வேலைக்கு இழப்பு அதிகம். படத்தை மடிக்கணினியின் சொந்தத் திரைக்கே திருப்பி அனுப்பினால் அதே கம்பியில் மேலும் சுமை கூடும்: 1920 × 1080 படத்தை ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் நொடிக்கு 60 முறை அனுப்ப 498 எம்பி, 144 முறை அனுப்ப 1,194 எம்பி. தனித் திரையைக் கார்டிலேயே இணைத்தால் இந்தச் சுமை இல்லை.

விலையில் வெளிப்பெட்டி பின்தங்குகிறது. 2018-இல் ரேசர் கோர் எக்ஸ் பெட்டியின் அறிமுக விலை 299 டாலர். கார்டு இல்லாமல், 650 வாட் மின்வழங்கியோடு. 2023-இல் மேசை ஆர்டிஎக்ஸ் 4060-இன் அறிமுக விலையும் 299 டாலர். இரண்டும் சேர்ந்து 598 டாலர். அதில் 50 சதவீதம் வெறும் பெட்டிக்கு. 599 டாலர் 4070 கார்டைப் போட்டால் மொத்தம் 898. பெட்டியின் பங்கு 33.3 சதவீதம். கார்டின் விலை ஏறினால் பெட்டியின் பங்கு குறையும். ஆனால் கார்டின் வேகம் கூடினால் கம்பியின் தடையும் கூடுதலாக உறைக்கும். ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்கு இந்த வழியே அடைபட்டுவிட்டது: 2018 மார்ச்சில் வெளிப்பெட்டிக்கு ஆதரவளித்த நிறுவனம், 2020 நவம்பர் முதல் வந்த தன் சொந்தச் சிப் கணினிகளில் அதைத் தரவில்லை.

இரண்டாவது ராம்

தனிக் கிராஃபிக்ஸ் சிப் இல்லாத மடிக்கணினியில் மட்டும் ஒரு மலிவான மேம்பாடு மிஞ்சுகிறது. செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், கணினியின் ராமையே பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒன்றின் வேகம் நொடிக்கு 25.6 ஜிபி, காலியான துளையில் இரண்டாவதைப் போட்டால் 51.2 ஜிபி. உயர்வு 100 சதவீதம். செயலிக்குள் இருக்கும் தன் கிராஃபிக்ஸுக்கு ஐரிஸ் எக்ஸ்ஈ என்ற பெயரைக் காட்டவே இன்டெல் இரட்டைத் தட நினைவகத்தைக் கட்டாயமாக்கியது. இதற்கும் எல்லை உண்டு. டிடிஆர்5-5600 ராம் இரண்டு போட்டால் 89.6 ஜிபி, மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 4060-இன் நினைவக வேகம் 256 ஜிபி. முன்னது பின்னதில் 35 சதவீதம். மதர்போர்டில் ராமும் சாலிடர் செய்யப்பட்டிருந்தால் இந்த வழியும் இல்லை.

வாங்கும் நாளின் கணக்கு

பிறகு மாற்ற முடியாத ஒன்றை வாங்கும்போதே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்தால் ஏமாற நேரும். மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த வரம்பிலும் பொருத்தத் தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு. ஒரே பெயர், ஒரே 3,072 கோர்கள், மின்வரம்பில் 3.29 மடங்கு வேறுபாடு. குறைந்த வாட் கொண்ட 4060 மெதுவாகவே ஓடும். கடையின் விலைச்சீட்டில் இரண்டும் 4060 என்றே இருக்கும்.

ஆகவே விவரத் தாளில் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: கிராஃபிக்ஸ் சிப்பின் வாட், அதன் சொந்த நினைவகம் எத்தனை ஜிபி, காலியான ராம் துளை எத்தனை. முதல் இரண்டும் பெரும்பாலும் அந்தக் கணினியின் ஆயுள் முழுவதும் மாறாதவை; மூன்றாவது மட்டுமே உங்கள் கையில் இருப்பது. 200 வாட்டுக்கு மேல் தேவைப்படும் வேலை உங்களுடையது என்றால், மடிக்கணினியை மேம்படுத்தச் செலவிடும் பணத்தை மேசைக் கணினியில் போடுவதே கணக்குக்குச் சரி.