சில்லில் எழுதும் மின்சாரம்

கற்றதை மறவாது காத்தற்கு மனிதன் கண்ட துணை எழுத்து. நம் முன்னோர் கல்லில் உளி கொண்டும், பனையோலையில் எழுத்தாணி கொண்டும் எழுதினர். ஓலையில் எழுதுவோர்க்குக் கையின் அழுத்தம் அளவாக இருத்தல் வேண்டும். அழுத்தம் குறைந்தால் எழுத்துப் பதியாது. மிகுந்தால் ஓலை கிழிந்துவிடும். இக்காலத்தில் மின்சாரமே எழுத்தாணியாக நின்று சிலிக்கன் சில்லில் எழுதுகின்றது. அவ்வெழுத்துக்கும் அழுத்தம் உண்டு. அதனை மின்னழுத்தம் என்பர். அவ்வழுத்தத்தை அளவு பிறழாமல் தரும் மின்வழங்கி ஒன்றை ஆர்வலர் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளலாம். அஃது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண், எழுதப்படும் பொருளை அறிதல் வேண்டும். 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தில் பணிபுரிந்த டோவ் ஃப்ரோமன் என்னும் இஸ்ரேலியப் பொறியாளர், எழுதவும் அழிக்கவும் மீண்டும் எழுதவும் தக்க நினைவகச் சில்லு ஒன்றை உருவாக்கினார். அதனை ஈப்ராம் என அழைப்பர். அவ்வினத்துள் 2716 என்னும் எண்ணுடைய சில்லு ஆர்வலரிடையே பெரிதும் வழங்கிற்று. பழங்கணினிகளைச் செப்பனிடுவோர் இன்றும் அதனைத் தேடிப் பெறுகின்றனர். இருபத்துநான்கு கால்களையுடைய அச்சிறு பொருளில் 16,384 நினைவறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும், நாற்புறமும் மின்கடத்தாப் பொருளாற் சூழப்பட்ட நுண்ணிய தகடு ஒன்று உண்டு. அத்தகட்டில் மின்னணுக்கள் இல்லையாயின் அவ்வறை 1 என்று படிக்கப்படும். அவை புகுந்து தங்கியிருப்பின் 0 என்று படிக்கப்படும். எனவே, எழுதுதல் என்பது வேண்டிய அறைகளில் மட்டும் மின்னணுக்களைப் புகுத்துதலே ஆகும்.

புகுந்த மின்னணுக்கள் சுவருக்குள் அகப்பட்டவைபோல் பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். அவற்றை வெளியேற்றச் சில்லின் மேற்புறத்திலுள்ள பளிங்குச் சாளரத்தின் வழியே புறவூதாக் கதிரை ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம் செலுத்துதல் வேண்டும். அக்கதிர் கண்ணுக்குத் தீங்கு செய்யுமாதலின், மூடிய பெட்டிக்குள்ளேயே அச்செயலை நிகழ்த்துவர்.

சில்லில் உள்ளதைப் படிப்பதற்கு 5 வோல்ட்டு மின்னழுத்தம் போதும். ஆனால், மின்னணுக்கள் கடத்தாச் சுவரைத் தாண்டிப் புகுவதற்கு அவ்வழுத்தம் போதாது. ஆகவே, எழுதும்பொழுது 2716இன் தனிக்கால் ஒன்றுக்கு 25 வோல்ட்டு அளித்தல் வேண்டும். அதனினும் 1 வோல்ட்டு கூடலாம். 1 வோல்ட்டு குறையலாம். குறைவு மிகுந்தால் எழுத்து உறுதியாகப் பதியாது. மிகுதியோ 26.5 வோல்ட்டைக் கடந்தால் சில்லு பழுதுபடும். பிழையாக எழுதிய எழுத்தைக் கதிரால் அழித்துவிடலாம். மிகை அழுத்தத்தாற் பழுதுற்ற சில்லை எக்கதிராலும் மீட்க இயலாது. ஆதலின், எழுதும் கருவியினும் அதற்கு மின்சாரம் தரும் கருவியின்பால் மிகுந்த கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

கணினியிலிருந்து வரும் செய்தியைச் சில்லில் ஏற்றும் சிறு பலகைக்கு நிரலேற்றி என்று பெயர். 2716க்கு உரிய நிரலேற்றிக்கு 5 வோல்ட்டு, 25 வோல்ட்டு என இருவகை மின்னழுத்தம் வேண்டும். நம் வீடுகளுக்கு வருவதோ 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 முறை அலைவது. அதனைப் பயன்படும் வடிவிற்குக் கொணர நான்கு படிகள் உள்ளன.

முதற்படி, தாழ்த்துதல். மின்மாற்றியானது 230 வோல்ட்டைத் தாழ்ந்த அழுத்தமாக மாற்றித் தரும். நம் தேவைக்கு 9 வோல்ட்டு தரும் சுற்று ஒன்றும், 24 வோல்ட்டு தரும் சுற்று ஒன்றும் வேண்டும். ஒரே சுற்றிலிருந்து இரண்டையும் பெறலாகாதோ எனின், அது தக்கதன்று. உயர்ந்த அழுத்தத்திலிருந்து 5 வோல்ட்டைப் பெற முயன்றால், எஞ்சிய அழுத்தம் முழுவதும் வெப்பமாக வீணாகும். உறுப்புகளின் எல்லையும் கடக்கப்படலாம்.

இரண்டாம் படி, திசைப்படுத்துதல். முன்னும் பின்னுமாக அலையும் மின்சாரத்தை நான்கு டயோடுகள் ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. டயோடு என்பது ஒருபுறம் மட்டுமே திறக்கும் கதவு போன்றது.

மூன்றாம் படி, நிரப்புதல். ஒரே திசையில் ஓடினும் அம்மின்சாரம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மின்தேக்கி அலை ஏறும்பொழுது நிரம்பி, இறங்கும்பொழுது தன்னிடமுள்ளதை வழங்கும். மாரிநீரைத் தேக்கிக் கோடையில் தரும் ஏரியின் செயலும் இத்தகையதே. 9 வோல்ட்டுச் சுற்றின் உச்சம் ஏறத்தாழ 12.7 வோல்ட்டு, டயோடுகளிற் கழிந்தது போக 11.3 எஞ்சும். 24 வோல்ட்டுச் சுற்றில் அவ்வாறே 32.5 வோல்ட்டு கிடைக்கும். சுமை இல்லாதபோது அது மேலும் உயருமாதலின், அங்கு 63 வோல்ட்டு தாங்கும் மின்தேக்கியை அமைத்தல் நலம்.

நான்காம் படி, நிலைப்படுத்துதல். இதுவே தலையாயது. நிலைப்படுத்தாத மின்வழங்கி, தன்மேல் குறித்துள்ள அளவினும் மிகுந்த அழுத்தத்தைச் சுமையற்ற நேரத்தில் தரக்கூடும். அதனை நேரே சில்லுக்கு இணைத்தல் கேடு பயக்கும். 5 வோல்ட்டுக்கு 7805 என்னும் மூன்றுகால் உறுப்புப் போதும். அது 0.2 ஆம்பியர் மின்னோட்டத்தை வழங்கும்பொழுது ஏறத்தாழ 1.3 வாட்டு வெப்பத்தை உமிழுமாதலின், அலுமினியத் தகடு ஒன்றில் அதனைப் பிணைத்தல் வேண்டும்.

25 வோல்ட்டுக்கு எல்.எம்.317 என்னும் உறுப்பைப் பயன்படுத்துவர். அது தன் வெளிக்காலுக்கும் சரிசெய்காலுக்கும் இடையே எப்பொழுதும் 1.25 வோல்ட்டைக் காக்கும் இயல்பினது. அவ்விரு கால்களுக்கிடையே 240 ஓம் மின்தடையையும், சரிசெய்காலுக்கும் நிலத்துக்கும் இடையே மற்றொரு மின்தடையையும் அமைப்போம். முதல் தடையில் ஓடும் மின்னோட்டமே இரண்டாவதிலும் ஓடுமாதலின், வேண்டிய அழுத்தத்தைக் கணக்கிடுதல் எளிது. 25ஐ 1.25ஆல் வகுக்க 20 வரும். அதில் ஒன்றைக் கழித்து, எஞ்சிய 19ஐ 240ஆல் பெருக்கினால் 4,560 ஓம் கிடைக்கும்.

இவ்விடத்தே ஓர் இடர்ப்பாடு உண்டு. கடையில் 4,560 ஓம் தடை கிடைப்பதில்லை. 'அருகிலுள்ள 4,700 போதுமே' என்று ஒருவன் எண்ணலாம். கணக்கிட்டுப் பார்த்தால் விடை 25.7 வோல்ட்டாகும். சரிசெய்காலிலிருந்து வழியும் சிறு மின்னோட்டத்தையும் சேர்த்தால் அது 26 வோல்ட்டை நெருங்கும். தடைகளின் மதிப்பும் குறித்த அளவினின்று நூற்றுக்கு 5 வரை பிறழக்கூடும். எனவே, சில்லின் அழிவெல்லையைத் தொட்டுவிடும் இடர் உண்டு. 4,300 ஓம் தடையோடு, 500 ஓம் வரை மாற்றத்தக்க தடை ஒன்றைத் தொடராக இணைத்து, மல்டிமீட்டரை நோக்கியவாறே 25 வோல்ட்டுக்குத் திருப்பி நிறுத்துதலே நன்னெறி.

கருவி முடிந்தவுடன் சில்லைப் பொருத்த விரைதல் ஆகாது. 5 வோல்ட்டு முனையில் 47 ஓம் தடையையும், 25 வோல்ட்டு முனையில் 1,000 ஓம் தடையையும் சுமையாக இணைத்து அளந்து பார்த்தல் வேண்டும். அவ்விரு தடைகளும் 1 வாட்டு தாங்குவனவாக இருத்தல் நன்று. சுமையோடும் சுமையின்றியும் அளவு மாறாது நின்றால், கருவி நம்பத்தக்கதாகும். பின்னர், 5 வோல்ட்டு முன்னும் 25 வோல்ட்டு பின்னுமாகச் செலுத்துதலும், நிறுத்தும்பொழுது அம்முறையை மாற்றிக்கொள்ளுதலும் முறையாகும். 25 வோல்ட்டு இருக்கும்பொழுது சில்லைச் செருகுதலோ பிடுங்குதலோ கூடாது. ஓரறைத் தொகுதிக்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு வீதம், 2,048 தொகுதிகளையும் எழுதி முடிக்க ஏறத்தாழ 100 நொடி ஆகும்.

எண் ஒன்றாயினும் இயல்பு ஒன்றெனக் கொள்ளுதலும் தவறு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2716 என்னும் எண்ணைத் தாங்கி வெளியிட்ட சில்லுக்கு மூவகை மின்னழுத்தம் வேண்டும். ஆதலின், சில்லை ஆக்கியோர் வெளியிட்ட குறிப்பேட்டைப் படித்த பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும்.

இவை யாவும் சில்லைக் காக்கும் நெறிகள். உயிரைக் காக்கும் நெறி இவற்றினும் முந்தியது. 230 வோல்ட்டு ஆளைக் கொல்லவல்லது. மின்மாற்றியின் அப்பகுதியைத் தேர்ந்தவர் ஒருவரே இணைத்தல் வேண்டும். மாணவர் தனித்து அதனைத் தொடுதல் கூடாது. உருகியிழை அமைத்தலும், இரும்புப் பெட்டியை நிலத்தோடு இணைத்தலும், வெற்றுக் கம்பி வெளியே தோன்றாமல் மூடுதலும் கட்டாயமாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கியில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்பதை மறத்தல் ஆகாது.

மாணவர்களே! இக்கருவியின் உறுப்புகள் சிலவே. அவற்றின் விலையும் மிகுதியன்று. ஆயினும், அதனை அமைப்போன் கணக்கிடுதல், ஐயுறுதல், அளந்து தெளிதல் ஆகிய மூன்றையும் கற்றுக்கொள்கின்றான். கணக்கு 4,560 என்றது; கடையோ 4,700ஐத் தந்தது; அவ்விரண்டின் இடைவெளியில்தான் சில்லின் வாழ்வும் அழிவும் இருந்தன. ஏறத்தாழச் சரி என்பது போதுமான இடமும் உண்டு, போதாத இடமும் உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறிந்து தொழில் செய்வோனுக்கு மின்சாரம் நல்ல எழுத்தாணியாகப் பணிபுரியும்.