கம்பிக்கும் வயதாகும்

1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட பாட்டுகள் பலவற்றுக்கு அடித்தளம் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார்தான். 1964இல் வந்த 'மை கேர்ள்' பாட்டிலும் அவர் விரல்தான். அறுந்தால் ஒழிய அவர் கம்பி மாற்றமாட்டார் என்பார்கள். பல ஆண்டு அழுக்கில்தான் தன் நாதம் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

அவருக்கு அது சரி. அவருடையவை தட்டையான உலோக நாடா சுற்றிய, மிகத் தடித்த கம்பிகள். அவருக்கு வேண்டியதும் கணீரென்ற ஓசையல்ல. கனத்துத் தொம்மென்று விழும் ஓசை. வீட்டில் இருக்கும் அகூஸ்டிக் கிடாருக்கு இந்த நியாயம் பொருந்தாது. அதன் அழகே மேல் ஸ்வரங்களின் மினுமினுப்பில்தான் இருக்கிறது. கம்பி பழசாகும்போது முதலில் போவதும் அதுவே.

காரணம் விரல்தான். வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கிறது. தோலின் எண்ணெயும் அழுக்கும் தடித்த கம்பிகளின் சுருள் இடுக்குகளில் போய் அடைகின்றன. ஒரே சீரான எடை இருந்தால்தான் கம்பியின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கும். அழுக்கு ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் படிவதால் அந்தச் சீர் கெடுகிறது. கிடாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டுகளில் (ஃப்ரெட்) அழுந்தி அழுந்தி அடிப்பக்கத்தில் பள்ளமும் விழுகிறது. பிறகு திறந்த கம்பியில் சுருதி கச்சிதமாக நிற்கும். மேலே பத்தாம் கட்டில் பிடித்தால் விலகும். கற்றுக்கொள்ளும் பிள்ளை தன் காதையே சந்தேகிக்கத் தொடங்கிவிடும். கம்பி மாற்றச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஓசை மங்குவது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் வாசிப்பவருக்குப் புலப்படாது. விரலுக்குத்தான் முதலில் தெரியும்: கம்பியின் அடியில் தடவினால் சொரசொரப்பு தட்டும். நிறமும் கறுத்திருக்கும். தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பவர் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் சேர்வதால் இன்னும் முன்னதாகவே தேவைப்படலாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வைத்தால் ஆயுள் கூடும். மெல்லிய பூச்சுள்ள கம்பிகள் விலை கூடுதல், ஆனால் வெகுநாள் தாங்கும். பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் வழக்கமும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு போய் ஓசை சில நாள் திரும்பும். பள்ளமும் துருவும் அப்படியேதான் இருக்கும்.

இதுவரை சொன்னது எஃகுக் கம்பிக்கு. நைலான் கம்பி கிளாசிக்கல் கிடாருக்கு உரியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அறுவைசிகிச்சைத் தையலுக்குக் குடல்நரம்பு தேவைப்பட்டதால் அதுவரை கிடார்க் கம்பியாகவும் பயன்பட்ட அது கிடைப்பது அரிதானது. அப்போது நியூயார்க்கின் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் கம்பி செய்தார். ஸ்பெயினின் கிடார் மாமேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். இவ்வகையில் உலோகம் சுற்றிய மூன்று கம்பிகளே சீக்கிரம் மங்கும். புதிய நைலான் பல நாள் நீண்டுகொண்டே இருக்கும் என்பதால், கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நைலான் கிடாருக்கு எஃகுக் கம்பி போடவே கூடாது. அதன் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பு. தாங்காமல், கம்பிகள் கட்டப்பட்ட பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடலாம்.